சிக்னல் ஒன்பது

மருந்துக் கடைக்காரர் தன் கைபேசியை மேசைமேல் வைத்து லைனம்மாவின் பக்கம் திருப்பினார். வெறும் வெள்ளைத் திரை. நடுவில் ஓர் எண்ணும் ஒற்றை வரியும்: 502, இணைப்புப் பிழை.

"பன்னெண்டு நாளா இதையேதான் பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றார்.

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த அவள் உதவியாளன் தகரம் எட்டிப் பார்த்தான். "ஐநூத்தி ரெண்டு. லாட்ஜ் ரூம் நம்பர் மாதிரி இருக்கு."

லைனம்மா அவனைத் திரும்பிப் பார்த்தாள். தகரம் வாயை மூடிக்கொண்டான். அது அதிக நேரம் மூடியிருக்காது என்பது இருவருக்கும் தெரியும்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் லைன் பழுது கண்டுபிடிக்கும் வேலை பார்த்தவள் அவள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர், துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் விடவில்லை. தகரம் ரேடியோ பழுது பார்த்தவன். நாற்பதைத் தாண்டியவன். குரலுக்காக வந்த பெயர் அது.

மருந்துக் கடைக்காரர் கதையைச் சொன்னார். அவருக்கு ஒரே தங்கை. முப்பது வயது. மனநிலை சரியில்லாதவள். மாத்திரை போடாவிட்டால் தான் யார் என்பதே அவளுக்கு மறந்துபோகும். நாற்பது நாளுக்கு முன் வீட்டை விட்டுப் போனவள் திரும்பவில்லை. காணாமல் போனவர்களைப் பதிந்துவைக்கும் ஓர் அறக்கட்டளையின் இணையதளத்தில் அவர் அறிவிப்புக் கொடுத்திருந்தார். யாராவது அவளைப் பார்த்துத் தகவல் சொன்னால் அது ஒரு தனிப் பக்கத்தில் சேரும். அந்தப் பக்கத்தை அறிவிப்புக் கொடுத்தவர் மட்டுமே பாஸ்வேர்டு போட்டுத் திறக்க முடியும்.

"பன்னெண்டு நாளைக்கு முன்னாடி 'புதிய தகவல் ஒன்று வந்துள்ளது'ன்னு மெசேஜ் வந்துச்சு. அன்னிலேர்ந்து அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது. வாயால சொல்லுங்கன்னா, விதிப்படி கூடாதுன்றாங்க. யாரோ அவளைப் பாத்திருக்காங்க மேடம். எங்கேன்னு தெரியாம நான் இங்கே உக்காந்திருக்கேன்." அவர் குரல் உடைந்தது. "அப்பா அம்மா போனதுக்கப்புறம் எனக்கு அவ, அவளுக்கு நான்." சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். "எங்கே பாத்தாலும் உடனே கொடுக்கணும்னு கையோட வச்சிருக்கேன்."

தகரம் அறிவிப்பின் நகலை உரக்கப் படித்தான். "உயரம் அஞ்சடி ரெண்டு அங்குலம். அடையாளம், ரெண்டு மணிக்கட்டுலயும் வளையம் மாதிரி தழும்பு." நிமிர்ந்தான். "இது எப்படி சார் வந்துச்சு?"

"சின்ன வயசுலேர்ந்தே இருக்கு," என்றார் அவர், கைபேசியை எடுத்துப் பைக்குள் போட்டபடியே.

அவர் கண்ணைத் திருப்பிக்கொண்டதை லைனம்மா கவனித்தாள். துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். நகலை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

அறக்கட்டளை ஓர் அச்சகத்தின் மாடியில் இருந்தது. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் தரை லேசாக அதிர்ந்தது. முன்னறையில் நாற்காலிகள், சுவர் நிறையக் காணாமல் போனவர்களின் முகங்கள். மருந்துக் கடைக்காரரை அங்கே உட்கார வைத்துவிட்டு லைனம்மா உள்ளறைக்குப் போனாள். உள்ளே இரண்டு பேர். கம்ப்யூட்டர் முன்னால் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் வந்து இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒல்லியான மனிதர். ஜன்னலோரம், வரும் தகவல்களையெல்லாம் தட்டச்சு செய்து ஏற்றும் எழுத்தர் பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். தலையைத் தூக்காமல் தட்டிக்கொண்டே இருந்தார்.

"சர்வரைப் பாக்கணும்னு கீழே கேட்டேன்," என்றான் தகரம். "காபியா டீயான்னு கேட்டுக்கிட்டு ஒருத்தர் வருவார்னு பாத்தா, நீங்க இருக்கீங்க."

சர்வர்காரர் சிரிக்கவில்லை. பன்னிரண்டு நாளாகத் தூக்கமில்லாதவர் போலிருந்தார். "எல்லாம் செஞ்சு பாத்துட்டேன் மேடம். வர்றவங்க கேக்குறதை வாங்கிக்கிறது வெப் சர்வர். அது வாசல்ல நிக்கிற ஆள் மாதிரி. சுயமா யோசிக்கத் தெரியாது. உள்ளே ஸ்கிரிப்டை, அதான் செய்முறைக் கட்டளைகளை, ஓட்டுறது இன்னொரு ஆள். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சின்ன ஜன்னல். வாசல் ஆள் சீட்டை நீட்டுவார், உள் ஆள் பக்கத்தைத் தயார் பண்ணித் தருவார். பதில் வரலைன்னா வாசல் ஆள் ஐநூத்தி ரெண்டுன்னு போர்டு மாட்டிடுவார்."

"ஜன்னல் சரியா இருக்கா?"

"ரெண்டு பேரும் ஒரே ஜன்னலைத்தான் பாக்குறாங்களான்னு மொதல்ல பாத்தேன். சரியா இருக்கு. அனுமதி இருக்கு. உள்ளே ஆள் பத்தலையோன்னு அஞ்சை இருபதாக்கினேன். காத்திருக்கிற நேரத்தைக் கூட்டினேன். அணைச்சு அணைச்சுப் போட்டேன். மத்த எல்லாப் பக்கமும் ஜம்முனு வருது. இவரோட தகவல் பக்கம் மட்டும் விழுது."

"வாசல் ஆள் குறிப்பேதாவது எழுதி வைப்பாரா?"

"லாக் இருக்கு மேடம். வர்ற அன்னிக்கெல்லாம் பாக்குறேன்."

"வார்த்தைக்கு வார்த்தை என்ன எழுதியிருக்கார்?"

சர்வர்காரர் திரையைத் தொட்டுக் காட்டினார். பதிலின் முதல் வரியைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எதிர்முனை இணைப்பைத் துண்டித்துவிட்டது என்று இருந்தது.

லைனம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்தப் பழைய அரிப்பு விரல்நுனியில் வந்தது. "எக்ஸ்சேஞ்ச்ல பேச முடியலைன்னு புகார் வந்தா மூணே வகைதான். ஒண்ணு, லைனே செத்திருக்கும். ரெண்டாவது, மணி அடிக்கும், எடுக்க மாட்டாங்க. மூணாவது, எடுத்துட்டு வச்சிடுவாங்க. மூணும் வேற வேற வியாதி. நீங்க பண்ணின வைத்தியம் எல்லாம் மொத ரெண்டுக்கும். ஆனா லாக் சொல்றது மூணாவதை."

"அதாவது?"

"உள்ளே ஆள் இருக்கார். சீட்டை வாங்குறார். யாரோட பக்கம்னு படிக்கிறார். படிச்சதும் ஜன்னலைச் சாத்துறார்."

"என் மாமனார் வீட்டுல எனக்கு நடக்குறது," என்றான் தகரம்.

சர்வர்காரர் யோசித்தார். "பெரிய போட்டோ எதையாவது தகவலோட சேத்து அனுப்பியிருப்பாங்க. அதைத் தூக்க முடியாம உள் ஆள் விழுந்திருக்கலாம்."

"விழுந்தாரா, யாராவது தள்ளிவிட்டாங்களான்னு அவரோட சொந்தக் குறிப்பைப் பாத்தா தெரியுமே. நீங்க வாசல் ஆள் சொன்னதை மட்டும்தானே கேட்டிருக்கீங்க."

அவர் முகம் சிவந்தது. ஸ்கிரிப்டை ஓட்டும் பக்கத்தின் லாகை அதுவரை அவர் திறக்கவே இல்லை. இப்போது திறந்து வைத்தார். மருந்துக் கடைக்காரரை மறுபடி அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொல்லும்படி லைனம்மா தகரத்தை முன்னறைக்கு அனுப்பினாள்.

"இப்போ அமுக்குறார்," என்று தகரத்தின் குரல் சுவரைத் தாண்டி வந்தது.

திரையில் புதிதாய் ஒரு வரி விழுந்தது. உள் ஆள் வெளியேறினார், சிக்னல் 9.

சர்வர்காரர் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டார். "தானா விழுந்திருந்தா பதினொண்ணுன்னு வரும்," என்றார் மெல்ல. "ஒன்பதுன்னா விழல. ஏதோ கொன்னுருக்கு."

"இயந்திரமே கொல்லுமா?"

"நினைவகம் பத்தலைன்னா கொல்லும். ஆனா கொன்னா தன் டயரியில எழுதி வைக்கும்." டயரியையும் தேடினார். ஒன்றும் இல்லை.

"இன்னொரு தரம் அமுக்கச் சொல்லு தகரம்," என்றாள் லைனம்மா. அதே ஒன்பது. கண் இமைக்கும் நேரத்தில்.

தகரம் திரும்பி வந்தான். "பெரிய மூட்டையைத் தூக்கிச் செத்தவனா இருந்தா கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியிருப்பான் மேடம். இவன் மூட்டையைத் தொடவே இல்ல."

"ஸ்கிரிப்டைத் திறங்க," என்றாள் லைனம்மா சர்வர்காரரிடம். "பக்கத்தைத் தயார் பண்றதுக்கு முந்தின இடம்."

ஐந்து நிமிடத்தில் கிடைத்தது. ஒற்றை வரி. கேட்கப்படும் அறிவிப்பு எண் 318 என்றால், உன்னை நீயே ஒன்பதால் கொன்றுகொள். அவ்வளவுதான். 318 மருந்துக் கடைக்காரரின் எண். கோப்பு கடைசியாக மாற்றப்பட்டது பன்னிரண்டு நாளுக்கு முன், புதன்கிழமை, பிற்பகல் இரண்டு நாற்பது.

"நான் திங்களும் வியாழனும்தான் வருவேன்," என்றார் சர்வர்காரர் அவசரமாக. "புதன்கிழமை நான் இங்கே இல்லவே இல்ல."

லைனம்மாவின் கண் ஜன்னலோரக் கம்ப்யூட்டரின் ஓரத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் சீட்டில் இருந்தது. 'எந்த நிரல் தொங்கி நின்றாலும் இந்தக் கட்டளையை அடிக்கவும். ஒன்பது போட மறக்க வேண்டாம்.' அந்த எழுத்து சர்வர்காரருடையது. தான் இல்லாத நாட்களுக்காக எழுத்தருக்கு அவரே எழுதிக் கொடுத்தது.

தட்டச்சுச் சத்தம் நின்று வெகு நேரமாகியிருந்தது.

"கொஞ்சம் வெளியே வரீங்களா?" என்று லைனம்மா எழுத்தரிடம் கேட்டாள். அவர் எதுவும் கேட்காமல் எழுந்து வந்தார். தகரமும் பின்னால் வந்தான். போகிற அவசரத்தில் லைனம்மா ஒரே ஒரு வார்த்தையைச் சர்வர்காரரிடம் சொல்ல மறந்தாள். எதையும் தொடாதீங்க என்று.

பின்பக்கப் படிக்கட்டில் அச்சு மை வாசம் அடித்தது. எழுத்தர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தான் பண்ணினேன்," என்றார். "மறைக்கல. யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

"தகவல்ல என்ன இருந்துச்சு?"

"பக்கத்து மாவட்டத்துல ஒரு ஆஸ்பத்திரி. அங்கே சலவைக்கூடத்துல அந்தப் பொண்ணு வேலை பாக்குறான்னு ஒருத்தர் எழுதியிருந்தார். வர்ற தகவலை நான் போன் பண்ணி உறுதி பண்ணணும். பண்ணினேன். அந்தப் பொண்ணே எடுத்தா. தெளிவாப் பேசினா மேடம். உங்களை மாதிரி, என்னை மாதிரி. அண்ணன் தேடுறார்னு சொன்னேன். அதுக்கு அவ சொன்னா, ரெண்டு வருஷம் மாடி ரூம்ல இருந்தேன்க்கா, வெளியே தாழ்ப்பாள்னு. வீடு அவ பேர்ல இருக்காம். கையெழுத்துப் போட மாட்டேன்னிருக்கா. அன்னிலேர்ந்து மாத்திரை. முழிச்சிருக்கிற நேரம் கட்டிலோட கட்டு."

லைனம்மா கைப்பையைத் திறந்து அறிவிப்பின் நகலை எடுத்தாள். இரண்டு மணிக்கட்டிலும் வளையம் மாதிரி தழும்பு. தன் கைப்படவே எழுதிக் கொடுத்திருக்கிறார் மனிதர். அடுப்புச் சூடோ கீழே விழுந்த காயமோ இரண்டு கையிலும் ஒரே அளவில் சுற்றி வராது. காலையிலேயே அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் லைனில் சின்ன இரைச்சலைக்கூடப் பிடித்த காது, ஒரு மனிதரின் அழுகையில் அதைக் கோட்டைவிட்டுவிட்டது.

"அறக்கட்டளைச் செயலாளர்கிட்ட சொன்னீங்களா?" என்று தகரம் கேட்டான். அவன் குரலில் வழக்கமான கிண்டல் இல்லை.

"சொன்னேன். குடும்ப விவகாரத்துல நாம தலையிடக் கூடாது, விதிப்படி தகவல் அறிவிப்புக் கொடுத்தவருக்குப் போகணும்னுட்டார். அழிக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. விழவைக்க மட்டும்தான் எனக்குத் தெரிஞ்சுது. அவ வேற ஊருக்குப் போற வரைக்கும் தாங்கினா போதும்னு நினைச்சேன். ஆனா அவ போக மாட்டேங்குறா. மொத மாசச் சம்பளமே இன்னும் கைக்கு வரலையாம்."

அப்போதுதான் உள்ளேயிருந்து சர்வர்காரரின் குரல் கேட்டது. பன்னிரண்டு நாளில் முதல்முறையாக அதில் உற்சாகம் இருந்தது. "மேடம், அந்த வரியை எடுத்துட்டேன். இப்போ வேலை செய்யும். சார், திறந்து பாருங்க."

தகரம் ஓடினான். நாற்பது வயதுக்காரன் அப்படி ஓடி லைனம்மா பார்த்ததில்லை. உள்ளறையில் நுழைந்து, இயந்திரத்தின் கேபிளைப் பிடித்துச் சுவரிலிருந்து பிடுங்கினான். விசிறிச் சத்தம் இழுத்துக்கொண்டு அடங்கியது.

"கால் தடுக்கிருச்சு," என்றான், கேபிளைக் கையில் பிடித்தபடியே.

லைனம்மா முன்னறைக்கு வந்தாள். மருந்துக் கடைக்காரர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். முகத்தில் காலையில் பார்த்த அந்த உடைந்த மனிதரின் சாயலே இல்லை.

"வந்துடுச்சு மேடம். பக்கத்தை அப்படியே போட்டோவும் எடுத்து வச்சுக்கிட்டேன், மறுபடி போயிடுச்சுன்னா என்ன பண்றதுன்னு." இரண்டு கையையும் கூப்பினார். "உங்களாலதான். யாராலயும் முடியாததை ரெண்டு மணி நேரத்துல முடிச்சுட்டீங்க."

அவர் படியிறங்கும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கார் கிளம்பும் சத்தம்.

சர்வர்காரர் வாசலில் வந்து நின்றார். எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"நீங்க இல்ல," என்றாள் லைனம்மா. "நான்."

எழுத்தர் எண்ணைச் சொல்லச் சொல்ல, தகரம் போன் போட்டு லைனம்மாவிடம் கொடுத்தான். சலவைக்கூடத்தில் யாரோ எடுத்தார்கள். பின்னால் பெரிய இயந்திரங்களின் இரைச்சல். யாரோ ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். நாற்பது நாளுக்கு முன்பு வரை அவளுக்கு இல்லாத பெயர்.

லைனம்மா சுற்றி வளைக்கவில்லை. தான் யார், யாருக்காக வேலை செய்தாள், என்ன நடந்தது என்று நேராகச் சொன்னாள். "உன்னைக் காட்டிக் கொடுத்தது நான்தான்மா. தெரியாமதான். ஆனா நான்தான். அவர் கிளம்பிட்டார். மூணு மணி நேரத்துல அங்கே இருப்பார். நீ உடனே கிளம்பு. எங்கே போகணும்னாலும் ஏற்பாடு பண்றேன்."

"இதுக்கு முன்னாடி ரெண்டு தடவை ஓடியிருக்கேன்," என்றது மறுமுனைக் குரல். "பஸ் ஸ்டாண்டுல ஒரு தடவை பிடிச்சார். சிநேகிதி வீட்டுல ஒரு தடவை. அழுதுக்கிட்டே வருவார். பாக்குறவங்க எல்லாரும் அவரைத்தான் நம்புவாங்க. இன்னும் நான் பேரை மாத்தி ஊரை மாத்தி ஓடிக்கிட்டே இருக்கணுமா?"

"பயமா இல்லையா?"

"இருக்கு. ஆனா இங்கே ஷிஃப்டுக்கு நாப்பது பேர் இருக்கோம் மேடம். எல்லாருக்கும் நான் எப்படிப்பட்டவள்னு தெரியும். இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிடறேன், என் நிஜப் பேரையும். போலீஸுக்கும் நானே போன் பண்றேன். நீங்க வருவீங்களா?"

"வரேம்மா."

எழுத்தர் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார். "நானும் வரேன். போன்ல அவ சொன்னதைக் கேட்டது நான்தான். சாட்சி வேணும்ல."

தகரம் காரை ஓட்டினான். எதிரே வரும் வண்டிகளையும் முன்னால் போகும் வண்டிகளையும் லைனம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். தன் வாழ்நாளில் கண்டுபிடித்த பழுதுகளில் கண்டுபிடிக்காமல் விட்டிருக்க வேண்டியது இது ஒன்றுதான் என்று தோன்றியது. ஒரு பெண்மணி பன்னிரண்டு நாள் முதுகைக் கொடுத்துத் தாங்கிய கதவை அவள் ஒரு மதியத்தில் திறந்துவிட்டிருந்தாள். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று வேறு நினைத்துக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லு தகரம்," என்றாள்.

"ஒண்ணும் தோணல மேடம்."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ஐந்தரை மணி. வெயில் இன்னும் இருந்தது. சலவைக்கூடத்தின் இரும்புக் கேட்டுக்கு வெளியே மருந்துக் கடைக்காரரின் கார் நின்றது. பக்கத்தில் ஒரு போலீஸ் ஜீப். அவர் ஒரு பெண் இன்ஸ்பெக்டரிடம் பேசிக்கொண்டிருந்தார். கையில் அதே மாத்திரை அட்டை. கண்ணில் நீர்.

"என் தங்கச்சி மேடம். மனசு சரியில்லாத பொண்ணு. நாப்பது நாளா காணாமப் போயிட்டா. தேடாத இடமில்ல. அவளுக்கு நான் யாருன்னே இப்போ தெரியாது, தப்புத் தப்பா ஏதாவது சொல்லுவா, நீங்க மனசுல வச்சுக்காதீங்க."

இன்ஸ்பெக்டர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எதை நம்புகிறார் என்று அந்த முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. காலையில் இதே குரலுக்கு இதே போல் லைனம்மாவும் தலையசைத்திருந்தாள். தகரம் முன்னால் போகப் பார்த்தான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

ஷிஃப்ட் முடிந்த மணி அடித்தது. கேட் திறந்தது. நீலக் கோட்டும் தலைக்குல்லாயும் போட்ட பெண்கள் கூட்டமாக வந்தார்கள். யாரும் பஸ் நிறுத்தத்துக்குப் போகவில்லை. கேட்டை ஒட்டி அப்படியே நின்றார்கள். மருந்துக் கடைக்காரர் ஒவ்வொரு முகமாகத் தேடினார். எல்லாக் குல்லாயும் ஒன்று போலிருந்தது.

கூட்டத்தின் நடுவிலிருந்து ஒரு பெண் குல்லாயைக் கழற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். ஐந்தடி இரண்டு அங்குலம் இருப்பாள். அண்ணனைப் பார்க்கவில்லை. நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"போன் பண்ணினது நான்தான் மேடம்," என்றாள். "நான் காணாமப் போகல. நானாத்தான் வெளியே வந்தேன்."

"பாத்தீங்களா மேடம், நான் சொன்னேன்ல, இப்படித்தான் பேசுவா," என்றபடி அவர் ஒரு அடி முன்னால் வந்தார். நாற்பது பெண்களும் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு கணம் பார்த்தார். கான்ஸ்டபிளிடம் அவரை ஜீப் பக்கம் தள்ளி நிறுத்தச் சொன்னார். பிறகு ஜீப்பின் பானெட்மேல் நோட்டை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றினார்.

"மொதல்ல பேரைச் சொல்லுங்க," என்றார்.

அந்தப் பெண் மூச்சை ஒருமுறை ஆழமாக இழுத்து, அங்கிருந்த எல்லோருக்கும் கேட்கும்படி தன் பெயரைச் சொன்னாள்.